நாள் தள்ளிப்போனதும் விட்டுடறேன், டாக்டர்!

இந்த வாரமும் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். சட்டைப் பையில் சிகரெட் பெட்டி. "அவளுக்கு நாள் தள்ளிப்போகட்டும் டாக்டர், மறுநாளே விட்டுடறேன்." கூட வந்திருந்த அவருடைய அம்மா, மகன் ஏதோ பெரிய தியாகம் செய்வதுபோலத் தலையாட்டினார்.

அப்போது விட்டால் மனைவி அந்தப் புகையைச் சுவாசிக்காமல் இருப்பார், அது நல்லதுதான். ஆனால் கருவுக்கு அப்பா தரவேண்டியதை அதற்குள் தந்து முடித்தாயிற்றே! இன்று வெளிவரும் விந்தணு இன்று உருவானதல்ல. விதைப்பையில் அது உருவாகி முடிய ஏறத்தாழ 70 நாள் ஆகும்; முதிர்ந்து வெளிவர இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆடியில் ஊதியது ஐப்பசியில் தங்கும் கருவோடு சேர்கிறது. பரிசோதனைக் கோடு இரண்டாக விழுந்த பிறகு எடுக்கும் சபதம் அந்த விந்தணுவுக்குப் போய்ச் சேராது.

அடுத்து இந்த வாதம் வரும்: "எங்கப்பா பீடி பிடிச்சுக்கிட்டே ஆறு பிள்ளை பெத்தாரே?" பெற்றார். அந்த ஆறில் ஒருவர்தானே விந்தணு குறைவென்று என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பது நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். ஒருவரை வைத்து அப்படி முடிவு கட்டவும் கூடாது. ஆனால் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மனைவி கர்ப்பமாக இருந்த காலத்தில் புகைத்த அப்பாக்களின் மகன்களுக்கு விந்தணு அடர்த்தி ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. அம்மாவுக்குள் போன நிகோடினைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும்! 104 இளைஞர்களை மட்டும் பார்த்த சிறிய ஆய்வுதான். அதற்காகத் தள்ளிவிட முடியாது. எத்தனை பிள்ளை பிறந்தது என்பதல்ல இங்கே கேள்வி, அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறக்குமா என்பதுதான்.

பெண்களுக்கு ஊரே அறிவுரை சொல்கிறது, நான் சுருக்கிக்கொள்கிறேன். வயிற்றில் இருப்பது பெண் என்றால், அவளுடைய ஆயுளுக்கான கருமுட்டைகள் அங்கேயே உருவாகிவிடுகின்றன. அதனால் சர்க்கரையையும் எடையையும் முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள். ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், முயற்சி தொடங்கும் முன்பிருந்தே.

ஆண்களே, குறைந்தது மூன்று மாதம் முன்னதாக சிகரெட், பான்மசாலா, குடி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஜிம்மில் யாரோ போடும் ஹார்மோன் ஊசி விந்தணு உற்பத்தியையே முடக்கிவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள். தயவுசெய்து மனைவியின் ஃபைலை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். உங்கள் விந்துப் பரிசோதனை முடிவும் வேண்டும். அதற்கு 2 முதல் 7 நாள் வரை உறவு தவிர்த்துவிட்டு வாருங்கள்.