முற்றத்துக் கோழி மனிதரோடு பழகுவது எப்படி

இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டை ஒட்டிய வளவு ஒன்றில் என் சிறுவயது கழிந்தது. பற்றை வெட்டப் போன மாமா ஒருநாள், தாய் கைவிட்டுப்போன இரண்டு காட்டுக்கோழி முட்டைகளோடு வந்தார். இன்றைக்கு அப்படி எடுக்கக்கூடாது. அன்றுதான் அம்மம்மா கடகத்தில் கோழிக்கு அடை வைத்திருந்தார். அந்த முட்டைகளையும் அதற்குள் வைத்துவிட்டார்.

மூன்று கிழமையில் எல்லாம் பொரித்தன. ஊர்க்கோழிக் குஞ்சுகள் குறுணலைக் கண்டதும் காலடிக்கு ஓடிவந்தன. காட்டுக்குஞ்சுகள் இரண்டும் எங்கள் நிழல் பட்டாலே வைக்கோலுக்குள் புகுந்தன. கொஞ்சநாளில் வேலிக்கு அப்பால் போனவை திரும்பவேயில்லை. “காட்டுச் சாமான் வீட்டில நிக்காது பிள்ளை,” என்றார் அம்மம்மா. ஒரே தாய், ஒரே சூடு, ஒரே தீன். அப்படியிருந்தும் ஏன் இந்த வித்தியாசம் என்ற கேள்வி என்னை விடவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். வன்னிக் காடுகளில் கூவும் இலங்கைக் காட்டுக்கோழி, தலையில் சிவந்த கொண்டைப் பூவின் நடுவே மஞ்சள் கொண்ட அந்த அழகன், நம் ஊர்க்கோழியின் நேர் மூதாதை இல்லை. வீட்டுக்கோழி முக்கியமாகச் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது. 2020இல் வெளியான பெரிய மரபணு ஆய்வொன்று, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் பக்கத்தில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி வகையே அதன் மூலம் என்று காட்டியது. அங்கே மனிதரோடு பழகத் தொடங்கியபோது அந்தப் பறவைக்குள் என்ன மாறியது?

சுவீடனின் லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தில் பேர் யென்சன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிவப்புக் காட்டுக்கோழிகளை ஒவ்வொன்றாக விட்டு, ஒரு மனிதர் மெல்ல நெருங்கும்போது எது எவ்வளவு பயப்படுகிறது என்று அளந்தார்கள். பயம் குறைந்தவற்றை ஒரு வரிசையாகவும், பயம் கூடியவற்றை இன்னொரு வரிசையாகவும் இனம்பெருக்கினார்கள். நிறத்தையோ எடையையோ யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் சில தலைமுறைகளுக்குள்ளேயே பயமற்ற வரிசையில் உடல் பெருத்தது, முட்டை பெருத்தது, சேவல்களின் இரத்தத்தில், மனநிலையோடு தொடர்புடைய செரொட்டோனின் என்ற பொருள் கூடியது. பத்துத் தலைமுறையில், உடலோடு ஒப்பிட்டால் மூளை சிறுத்துவிட்டது. அதனால் அவை மந்தமாகிவிட்டன என்று எண்ணவேண்டாம். தீங்கு செய்யாத ஒளியைத் திரும்பத் திரும்பக் காட்டியபோது, ‘இது ஒன்றும் செய்யாது’ என்று விரைவில் பழகிக்கொண்டவை அவைதான். ஆயிரம் சத்தமும் ஆள்நடமாட்டமும் உள்ள முற்றத்தில் வாழ வேண்டிய பறவைக்கு இது பெரிய திறமை.

அம்மம்மாவின் கடகத்துக் குஞ்சுகளுக்குள் இருந்த வித்தியாசத்தின் ஒரு பாதி இதுதான்: பயத்தின் அளவு முட்டைக்குள்ளேயே வந்துவிடுகிறது. மறுபாதி பொரித்த பிறகு நடக்கிறது.

1873இல் இங்கிலாந்தில் டக்ளஸ் ஸ்போல்டிங் என்பவர் தன் சோதனையை வெளியிட்டார். முட்டையிலிருந்து வந்த கையோடு குஞ்சுகளின் கண்களை மூடும்படி அவர் சிறு முக்காடு போட்டிருந்தார். இரண்டொரு நாளில் முக்காட்டை எடுத்த குஞ்சுகள் அவரையே தாய்போலத் தொடர்ந்தன. ஏறத்தாழ நான்கு நாள் மூடியிருந்தவையோ அவரைக் கண்டதும் பயந்து ஓடின. பின்னாளில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குள் இருந்த பூட்டைத் திறந்தார்கள். குஞ்சு அசையும் உருவத்தைப் பின்தொடரப் பழகும்போது தைரொயிட்டு ஓமோன் மூளைக்குள் வேகமாக இறங்கி, ‘இதுதான் என் தாய்’ என்ற பதிவுக்கான கதவைத் திறக்கிறது. அந்தக் கதவு சில நாட்களில் சாத்திக்கொள்ளும். போர் முடிந்து, மீள்குடியேற்றத்தின் பின் வாழ்வாதார உதவியாக வன்னி வீடுகளுக்கு வந்த குஞ்சுகளை நினைத்துப் பாருங்கள். இன்குபேட்டரில் பொரித்து மின்குமிழின் கீழ் வளர்ந்த குஞ்சு, அந்த முதல் நாட்களில் மனிதக் கையைக் கண்டதா இல்லையா என்பதே அது பிறகு எப்படி இருக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. தாயோடு வளரும் குஞ்சு தாயைப் பார்த்தே பழகுகிறது. தாய் பதறினால் அதுவும் பதறும்.

இனத்துக்கு இனம் வேறுபாடும் உண்டு. லெகோன் சட்டென வெருண்டு பறக்கும்; பிரம்மா போன்ற பாரமான இனங்கள் அமைதியானவை. ஊர்க்கோழி தனி இனமாகப் பிரித்தெடுக்கப்பட்டதில்லை. அதனால் ஒரே கூட்டில் மடியில் ஏறுவதும் இருக்கும், கிட்டப் போகவிடாததும் இருக்கும்.

ஆனால் அமைதி என்று நாம் நினைப்பதெல்லாம் அமைதி இல்லை. கோழியை மல்லாத்திப் பிடித்தால் அசையாமல் கிடக்கும். “நல்லாப் பழகிட்டுது” என்று பிள்ளைகள் மகிழ்வார்கள். உண்மையில் அது பயத்தின் உச்சம்: பிடித்த விலங்கு ஏமாந்து பிடியைத் தளர்த்தட்டும் என்று உடல் தானாக விறைத்துக் கிடக்கிறது. கையை எடுத்த பிறகும் எவ்வளவு நேரம் அப்படிக் கிடக்கிறதோ அவ்வளவு பயம் என்றே ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். முட்டையிடத் தொடங்கும் பேடு, கை நீட்டியதும் செட்டையைச் சற்று விரித்துக் குந்துவதும் பழகியதன் அடையாளம் இல்லை. அது சேவலுக்குக் காட்டும் இணக்கம், நம்மீது வைத்த அன்பில்லை. உண்மையில் பழகிய கோழி தானாக வரும், தின்னும், நாம் அசைந்தாலும் தொடர்ந்து தின்னும்.

பழக்க விரும்பினால் முதல் நாட்களிலேயே குந்தியிருந்து, உள்ளங்கையில் தீன் வைத்துக் காத்திருங்கள். மேலிருந்து கையை இறக்கினால் குஞ்சுக்கு அது பிராந்துதான். வளர்ந்ததைப் பிடிக்கவேண்டுமென்றால் துரத்தாதீர்கள்; இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, இரவில் மெதுவாகத் தூக்கலாம்.

மிகவும் பழகிய கோழிதான் நல்ல கோழி என்று நான் சொல்லமாட்டேன். வேலிக்கு அப்பால் கீரி, மரநாய், மேலே பிராந்து. வானத்து எதிரிக்கு ஒரு குரல், தரையில் வருவதற்கு இன்னொரு குரல் என்று சேவல் பிரித்துச் சொல்கிறது; அதைக் கேட்டதும் ஓடாத கோழி காடோர வளவில் ஒரு மாரிகூடத் தாங்காது. அம்மம்மாவிடம் ஒரு சாம்பல் பேடு இருந்தது. அவரின் கையில் தின்னும், பிராந்தின் நிழல் விழுந்தால் குஞ்சுகளோடு பற்றைக்குள் மறையும். அடை வைக்க அவர் எடுத்தது எப்போதும் அதன் முட்டைகளைத்தான்.