பயோமார்க்கர்: தமிழில் குறிகாட்டி

கர்ப்பிணித் தாயின் குருதியில் அளந்து பார்க்கும் ஈமோகுளோபின், ஃபெரிட்டின், குளுக்கோஸ் ஆகியவற்றை மருத்துவ உலகம் ‘பயோமார்க்கர்’ என்ற பொதுப்பெயரில் அடக்குகிறது. நுவரெலியா, ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்துக் கிளினிக்குகளில் இந்தச் சொல் காதில் விழாது. ஆனால் அது குறிக்கும் பொருள் ஒவ்வொரு தாயின் கிளினிக் அட்டையிலும் ஓர் எண்ணாக ஏறியிருக்கிறது. தாய்க்கு விளங்கும்படி அந்த எண்ணைப் பற்றித் தமிழில் பேச ஒரு நல்ல சொல் வேண்டும்.

‘பயோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் உயிர், வாழ்வு. ‘மார்க்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் எல்லை. எல்லையைக் காட்டும் அடையாளத்துக்கும் பிறகு அதுவே பெயராயிற்று. இரண்டும் ஒட்டிய ‘பயோமார்க்கர்’ 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவ எழுத்தில் பரவியது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய ஆய்வுக் குழு 1998இல் அதற்கு வரையறை தந்தது. உடலின் இயல்பான இயக்கத்தையோ, நோயின் போக்கையோ, மருந்துக்கு உடல் காட்டும் எதிர்வினையையோ அறிய, பார்ப்பவரின் அபிப்பிராயம் கலவாமல் அளக்கக்கூடிய ஒரு பண்பு என்பது அதன் சாரம்.

தமிழில் உயிரியற் குறிப்பான், உயிர்க்குறியீடு, உயிர்க்குறி, உயிர்ச்சுட்டி என்று ஆளுக்கொரு பெயர் எழுதுகிறார்கள். ‘உயிர்க்குறி’ அழகான சொல்தான். ஆனால் நாடித்துடிப்பு, உடல் வெப்பம், மூச்சு வேகம், குருதி அமுக்கம் ஆகியவற்றுக்கும் அதே பெயர் வழங்குவதால் குழப்பம் நேரும். ‘குறியீடு’ சின்னத்துக்கும் சங்கேதத்துக்கும் போய்விட்டது. ‘சுட்டி’ இலங்கை மாணவனுக்குக் கணிதப் பாடத்தை நினைவூட்டும். மடக்கைக்கு முன் படித்த சுட்டிகள் அவை.

எனக்குச் சரியாகப் படுவது ‘குறிகாட்டி’. நிறம் மாறி அமிலத்தையும் காரத்தையும் தெரிவிக்கும் பாசிச்சாயத்தை நம் விஞ்ஞானப் பாடநூல்கள் ‘காட்டி’ என்றே அழைக்கின்றன. ‘குறி’ வைத்தியத்தில் ஊறிய சொல். நோய்க்குறி, குறிகுணம் என்று நாட்டு வைத்தியர்களும் சொல்வார்கள். நானுஓயா ஸ்டேஷனை நெருங்கும் ரயிலைக் கைகாட்டி மரம் இழுப்பதும் இல்லை, பிடித்து நிறுத்துவதும் இல்லை. முன்னால் பாதை எப்படி இருக்கிறது என்பதை ஓட்டுநருக்குத் தெரிவிக்கிறது. குறிகாட்டியின் வேலையும் அதுதான். ஆகவே பொதுப்பெயர் உயிர்க்குறிகாட்டி. குருதியில் அளப்பவை குருதிக் குறிகாட்டிகள்.

‘குருதி’ என்பதற்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழகத்தில் இரத்தம் என்று எழுதும் இடங்களில் இலங்கைப் பாடநூல்கள் குருதி என்று எழுதுகின்றன: குருதி அமுக்கம், குருதிச்சோகை. சங்கப் பாடலில் மலைச்சாரலில் பூக்கும் செங்காந்தளுக்குக் ‘குருதிப் பூ’ என்று பெயர். ‘இரத்தம்’ வடமொழி ‘ரக்த’விலிருந்து வந்தது, அதற்கும் சிவந்தது என்றே பொருள். இரண்டு சொல்லும் நிறத்தைப் பிடித்து எழுந்தவை. குடும்பநல உத்தியோகத்தரும் தாயின் கீழ் இமையை விரலால் இழுத்து, உள்பக்கம் சிவந்திருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார். ‘சோகை’யைச் சோகத்தோடு சேர்ப்பது தவறு. அது வீக்கம் எனப் பொருள்படும் ‘சோப’ என்ற வடசொல்லின் வழி வந்தது. குருதிச்சோகை முற்றினால் காலும் முகமும் வீங்கும். பழைய வைத்தியம் கண்ணில் பட்டதைப் பெயராக்கியது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் இந்த நோய்க்கு வழங்கும் பேச்சு ‘இரத்தம் பத்தாது’ என்பதுதான். இந்தப் பேச்சை மாற்றியே ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கர்ப்ப காலத்தில் குருதியின் மொத்த அளவு குறைவதில்லை, கூடுகிறது. அதன் நீர்ப்பகுதி ஏறத்தாழப் பாதியளவு அதிகரிக்க, செங்குழியங்கள் என்ற சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் பெருகுவதில்லை. ஆகவே குருதி நீர்த்துப்போகிறது. இது தெரியாத தாய், இருக்கிற கொஞ்ச இரத்தத்தையும் ஊசியில் எடுத்துவிடுகிறார்களே என்று பயப்படுகிறாள். “மிஸ்ஸி, ஏற்கெனவே இரத்தம் பத்தாது என்கிறீர்கள், பிறகு எதற்கு எடுக்கிறீர்கள்?” என்று கேட்கும் பெண்ணின் கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. நாம் கொடுத்த சொல்தான் அவளை அப்படிக் கேட்க வைக்கிறது. உடம்பில் ஓடுவது ஐந்து லீற்றர் அளவு. பரிசோதனைக் குழாயில் போவது சில மில்லிலீற்றர். குறைந்திருப்பது இரத்தம் அன்று, அதற்குள் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின்.

அந்தப் பெயரை 1864இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மன் அறிஞர் ஃபெலிக்ஸ் ஹொப்பே-சைலர். கிரேக்க ‘ஹைமா’ குருதி; இலத்தீன் ‘குளோபஸ்’ உருண்டை. இரும்பு இல்லாமல் இதை உடலால் ஆக்க முடியாது. உலக சுகாதார தாபனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, ஒரு டெசிலீற்றர் (100 மில்லிலீற்றர்) குருதியில் ஈமோகுளோபின் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11 கிராமுக்குக் கீழே போனால் குருதிச்சோகை. குருதி மிகவும் நீர்க்கும் நடு மூன்று மாதத்துக்கு எல்லை 10.5.

மலையகத்துக்கு மிக முக்கியமான விஷயம் இனித்தான் வருகிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் குறைகிறது. சிறுநீரகம் அதை உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்ற ஓமோனைச் சுரக்க, எலும்பு மச்சை கூடுதலாகச் செங்குழியங்களை ஆக்குகிறது. ஆகவே உயரத்தில் வாழ்பவர்களுக்கு ஈமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். கொழும்பில் வாழும் பெண்ணுக்குப் போதுமான அளவு நுவரெலியாவில் போதாது. அதே வழிகாட்டல் இதற்கு ஒரு திருத்தம் சொல்கிறது. 500 முதல் 999 மீற்றர் உயரத்தில் வாழ்பவரின் அளவிலிருந்து 0.4ஐக் கழிக்க வேண்டும். 1,000 முதல் 1,499 வரை 0.8, 1,500 முதல் 1,999 வரை 1.1. ஹட்டன் இரண்டாவது படியில் வருகிறது. 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியா மூன்றாவது படியில் வருகிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நுவரெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் எட்டு மாதக் கர்ப்பிணிக்கு 11.7 என்று முடிவு வருகிறது. 11ஐத் தாண்டிவிட்டது, பயமில்லை என்று அனுப்பிவிடலாம். 1.1ஐக் கழித்தால் 10.6, அவளுக்குக் குருதிச்சோகை இருக்கிறது. அதே 10.6 ஐந்தாம் மாதத்தில் வந்திருந்தால் இல்லை. எண் ஒன்றுதான்; எந்த உயரத்தில், எந்த மாதத்தில் என்று கேட்காமல் அதை வாசித்தால் மலைப்பெண்ணின் குறை மறைந்துபோகும். காலை முதல் மழையில் நனைந்து, செங்குத்தான மலையில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கும் பெண்ணின் மூச்சிரைப்பை ‘வேலைக் களைப்பு’ என்று ஒதுக்கிவிடுவது அதன் பிறகு மிகச் சுலபம்.

ஈமோகுளோபின் காட்டுவது இன்று ஓடும் குருதியின் நிலை. உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டுவது ஃபெரிட்டின். இலத்தீனில் ‘ஃபெர்ரம்’ என்றால் இரும்பு. செக் அறிஞர் லௌஃப்பெர்கர் 1937இல் குதிரையின் மண்ணீரலிலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்துப் பெயர் சூட்டினார். தமிழில் ‘இரும்புச் சேமப் புரதம்’ என்று எழுதலாம். சேமிப்பு முதலில் தீர்கிறது. ஈமோகுளோபின் பிறகுதான் விழுகிறது. அதனால் ஃபெரிட்டின் முன்கூட்டியே எச்சரிக்கும். வளர்ந்தவர்களிலும் முதல் மூன்று மாதக் கர்ப்பிணிகளிலும் ஒரு லீற்றரில் 15 மைக்கிரோகிராமுக்குக் கீழும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 12க்குக் கீழும் இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று கொள்கிறார்கள். ஆனால் காய்ச்சலோ தொற்றோ இருந்தால் இரும்பு இல்லாவிட்டாலும் ஃபெரிட்டின் உயரும். மார்ச்சளியும் வயிற்றோட்டமும் அடிக்கடி வரும் பிள்ளையின் ஃபெரிட்டினைத் தனியே நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். அழற்சியைக் காட்டும் ‘சி-எதிர்வினைப் புரதம்’ என்ற குறிகாட்டியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஈமோகுளோபின் குறைந்தும் ஃபெரிட்டின் சரியாக இருந்தால் பரம்பரைக் குருதி நோயான தலசீமியாவையும் நினைக்க வேண்டும்.

ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் ஏறத்தாழ ஒரு கிராம் இரும்பு தேவை. சாப்பாட்டால் மட்டும் இதை ஈடுகட்டுவது கடினம், மாத்திரை அதற்குத்தான். அந்த மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்கினால் பயன் பெருமளவு போய்விடும். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைக் குடலில் கட்டிப்போடுகின்றன. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிப்பது தோட்டத்தில் பரம்பரை வழக்கம்; விட்டுவிடு என்றால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கச் சொல்வதும் நியாயமில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடச் சொல்லலாம். கீரையிலும் கௌபியிலும் தேசிக்காய் பிழியச் சொல்லலாம். அதில் உள்ள விற்றமின் சி இரும்பை உள்ளே எடுத்துக்கொடுக்கும். நெத்தலிக் கருவாடு கொஞ்சம் சேர்ந்தாலும் நல்லது. கல்சியம் மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் வேறு வேளைக்கு வைக்க வேண்டும்.

பிள்ளை பிறக்கும்போதே தாயிடமிருந்து இரும்பைக் கொண்டுவருகிறது, பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில். ஆறு மாதம் வரை அந்தக் கையிருப்பு ஓடும். தாய்க்குக் குறை இருந்தாலோ, பிள்ளை எடை குறைந்து பிறந்தாலோ அது சீக்கிரம் தீரும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் குறுவளர்ச்சி (வயதுக்கேற்ற உயரம் இல்லாமை) நாடு முழுவதும் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். குறுவளர்ச்சிக்கு இரும்புக் குறைவு மட்டும் காரணமில்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விளையாடாமல் ஓரமாகச் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையைச் ‘சாதுப் பிள்ளை’ என்று மெச்சுவதற்கு முன், விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்க்க வேண்டும்.

சொல் வழக்குக்கு வருவது எழுதும் இடத்தில்தான். ‘இரத்தம் பத்தாது’ என்பதற்குப் பதிலாக ‘ஈமோகுளோபின் குறைவு’ என்றும், ‘இரும்புச் சேமிப்பு குறைவு’ என்றும் வேறுபடுத்தித் தாயிடம் சொல்லலாம். இரண்டும் அவளுக்கு விளங்கும். மலையகக் கிளினிக் அட்டைகளில் இந்தக் குறிகாட்டிக்கு ஒரு கட்டம் போதாது, இரண்டு வேண்டும்: ‘அளந்த ஈமோகுளோபின் 11.7’ என்று ஒன்றில், ‘உயரத் திருத்தத்துக்குப் பின் 10.6’ என்று அடுத்ததில்.