அசல்: சொல்லும் பொருளும்

தமிழில் 'அசல்' இரண்டு உண்டு. 'அசலூர்க்காரர்', 'அண்டை அசல்' என்று மதுரைப் பக்கம் புழங்குவது நம்முடைய 'அயல்'. முயல் முசலானது போலவும் உயிர் உசிரானது போலவும் யகரம் சகரமானது. பத்திரத்திலும் வட்டிக் கணக்கிலும் வரும் 'அசல்' வேறு. வேர், அடிமூலம் என்று பொருள்படும் அரபுச் சொல் அது. பாரசீகம், உருது வழியாக வந்து ஆட்சிமொழியில் தங்கிவிட்டது. அதன் இணையான 'நகல்' என்பதும் அரபுதான்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது அசல் உயிர்நாடியான சொல். 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கென 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த பதிவு விதியும், வண்டி மூல வடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்றே கேட்கிறது. ஆனால் விளக்கு, ஹாரன், காரின் முன்னால் ரேடியேட்டர் மூடிமேல் நிற்கும் சிறு சிலை போன்ற துணைப்பொருள்களில் 'அசல்' என்பதற்குத் தொழிற்சாலையிலேயே பொருத்தியது என்று மட்டும் பொருளல்ல. அன்றைய உரிமையாளர் அன்றைய கடையில் வாங்கி மாட்டியதும் அசல்தான். இதைக் 'காலத்துப் பொருள்' என்று சொல்லலாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடினாலும் சரி, மதுரையில் பழைய இரும்புக் கடையில் கிளறினாலும் சரி, களிம்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. அமிலம் தடவினால் ஒரே இரவில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். திருகாணியைப் பாருங்கள். கூட்டல் குறி வெட்டிய திருகாணி கார்த் தொழிலுக்குள் பெரிய அளவில் வந்ததே 1936ஆம் ஆண்டு காடிலாக் வண்டியோடுதான். 1925 விளக்கு என்று விற்கப்படுவதில் அது இருந்தால் விளக்கோ திருகாணியோ பிற்காலத்தது. 1920களின் தொடக்கத்து முலாம் நிக்கல். சற்றே மஞ்சள் ஓடிய வெதுவெதுப்பான பளபளப்பு. நீலம் பாய்ந்த குரோம் அதற்குப் பின்னால் வந்தது. பழைய விளக்குக்குப் புதிதாகக் குரோம் பூசியிருக்கவும் கூடும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

வார்ப்புச் சிலையில்தான் உண்மை நன்றாகத் தெரியும். மூலச் சிலையை அப்படியே மண்ணில் பதித்து அச்செடுத்து வார்த்தால், பித்தளை ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்கும். 15 சென்டிமீட்டர் சிலை 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே குறைந்துபோகும். சிலையில் இறகு போன்றவற்றின் நுண்ணிய கோடுகள் மழுங்கி, அடியில் உள்ள எழுத்துகளின் விளிம்பு உருண்டுவிடும். நல்ல வார்ப்பாசாரி கையால் சீவிக் கோடுகளைக் கூர்மையாக்கிவிடுவார். குறைந்த அளவை அவராலும் கூட்ட முடியாது. ஆகவே அளவுகோல் இல்லாமல் சிலை வாங்கப் போகாதீர்கள்.

இப்படி வார்த்தவை எல்லாவற்றையும் 'போலி' என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. 'போல்' என்பதிலிருந்து பிறந்த தூய தமிழ்ச் சொல் அது. ஐந்து 'அஞ்சு' ஆவதை முற்றுப்போலி என்கிறது இலக்கணம். எழுத்து மாறினாலும் பொருள் மாறவில்லை, அங்கே வஞ்சகம் எதுவும் இல்லை. இன்றைய வழக்கிலோ ஏமாற்று என்ற பொருள் அதில் ஏறிவிட்டது. கிடைக்காத விளக்குத் தாங்கியைப் பட்டறையில் கடைந்து, புதிது என்று சொல்லியே கொடுப்பவரை அந்தச் சொல்லால் சுடுவது அநியாயம். அவர் செய்வது 'மறுவார்ப்பு' அல்லது 'மறுஆக்கம்'. அதே தாங்கியில் பழைய நிறுவனத்தின் முத்திரையைக் குத்தி, களிம்பேற்றி, அசலுக்குரிய விலைக்கு விற்றால் அது போலி. வாங்கும்போது ரசீதில் அசலா, மறுவார்ப்பா, மறுஆக்கமா என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.