நாவலில் வரும் நோயும் கிளினிக்கில் வரும் நோயாளியும்

இலங்கை மலையகத்து அரச வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவுகளிலும் கிளினிக்குகளிலும் பல வருடங்கள் வேலை செய்திருக்கிறேன். நோயாளி தன் நோயைப் பற்றிய ஒரு கதையை மனதில் வைத்துக்கொண்டுதான் எங்கள் முன் வந்து உட்காருகிறார் என்பதை அந்த அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்லலாம். அக்கதையில் பாதி பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், கேட்டது. மீதி படத்திலும் தொலைக்காட்சி நாடகத்திலும் மாத நாவலிலும் கண்டது. புத்தகமே தொடாதவரைக்கூட நாவல் வந்தடைந்துவிடுகிறது, ஏனென்றால் நாடகங்களும் படங்களும் தங்கள் நோய்க்காட்சிகளில் பலவற்றை நாவல்களிலிருந்தே எடுத்துக்கொண்டன. ஆகவே நான் விரும்பிப் படித்தவையும் படித்து வருத்தப்பட்டவையுமான சில நாவல்களைப் பற்றி, ஒரு வைத்தியரின் கண்ணோடு, ஒளிவுமறைவின்றி எழுத விரும்புகிறேன். நடையழகையும் உத்தியையும் விமர்சகர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: இந்த நாவல் நோய் எங்கிருந்து வருகிறது என்று காட்டுகிறதா, அல்லது பாத்திரத்துக்கு ஒரு நகையைப் பூட்டுவதுபோல நோயைப் பூட்டிவிடுகிறதா?

முதலில் மாத நாவல்கள். பெயர் சொல்லவேண்டிய அவசியமில்லை, அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரே காட்சிதான். திருமணமான பெண் மயங்கி விழுவாள், கிழவி ஒருத்தி நாடி பிடிப்பாள், வீடு முழுவதும் சிரிக்கும். கொழுந்து மலையில் மயங்கி விழுகிற பெண்ணை அவளுடைய மாமியாரே “மாசமா இருப்பா” என்று சொல்லிப் பல நாள் வீட்டில் வைத்திருந்து, பிறகு அழைத்து வருவதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் அது வெளுத்துக் கிடக்கும். நகங்கள் தட்டையாகி, ஓரம் உடைந்திருக்கும். அவளுக்கு இருப்பது கர்ப்பமல்ல, இரத்தச்சோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதையும் சாயத்தண்ணியோடு விழுங்குவாள். தேயிலையில் உள்ள பொருட்கள் இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுப்பதால், மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். இதை ஒரு மாத நாவலின் கதாநாயகி ஒரேயொரு முறை சொல்லியிருந்தால், நாங்கள் ஒட்டும் சுவரொட்டிகளை விட அது பெரிய சேவையாக இருந்திருக்கும்.

காசநோய்க்கு நாவல்கள் செய்த அநியாயம் இதைவிடப் பெரியது. இருமுவான், கைக்குட்டையில் இரத்தம் தெரியும், காதலியிடம் மறைப்பான், கடைசி அத்தியாயத்தில் இறப்பான். இந்த வார்ப்பு எத்தனை மொழிகளில் எத்தனை தரம் வந்திருக்கிறது என்று எண்ணவே முடியாது. மருந்தில்லாத காலத்தில் அதில் உண்மை இருந்தது. புதுமைப்பித்தனே 1948இல் காசநோயால்தான் இறந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தும் அவரைக் காப்பாற்ற அது உதவவில்லை. ஆனால் இன்றைய காசநோய் ஆறு மாதச் சிகிச்சையில் குணமாகிறது: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள், அரச மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் எல்லாம் இலவசம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றுவிடாமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யவேண்டும் என்பதுதான் சொல்லவேண்டிய செய்தி. கதைகள் சொல்வதோ மறைக்கவேண்டும் என்பதை. பெண் கேட்டு வருவது நின்றுவிடும் என்று பயந்து, மகளுடைய இருமலை மாதக்கணக்கில் மறைத்த பெற்றோர் எந்த நாவலையும் படித்திருக்கமாட்டார்கள். இருந்தாலும் அந்தப் பயம் கதைகளின் வழியாகத்தான் வளர்ந்து வந்திருக்கிறது.

அதே புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ நாவலல்ல, நெடுங்கதை. ஆனாலும் விட்டுவிட முடியவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் மருதியின் உடலில் நோய் எப்படி இறங்குகிறது என்பதை அது எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்கிறது. அங்கே நோய்க்குக் காரணம் விதியல்ல, தோட்டத்தின் அதிகாரம்.

ஏ. ஜே. குரோனின் 1937இல் எழுதிய ‘த சிட்டடெல்’ நாவலை மலையகத்தில் வேலைக்கு வரும் ஒவ்வோர் இளம் வைத்தியரும் படிக்கவேண்டும் என்பது என் கருத்து. குரோனின் ஒரு வைத்தியர். வேல்ஸ் சுரங்கப் பகுதிகளில் வேலை செய்தவர். நாவலின் இளம் வைத்தியர் மேன்சன் ஒரு சுரங்க ஊருக்கு வந்து சேர்ந்ததும் நெருப்புக்காய்ச்சல் (டைபாய்டு) பரவுகிறது. உடைந்த பழைய கழிவுநீர்க் குழாயிலிருந்து கிணறுகளுக்குக் கசிவு போகிறது. அதிகாரிகளுக்கு எழுதி எழுதிச் சலித்துப்போய், அவரும் அவருடைய நண்பரும் இரவோடிரவாக அந்தக் குழாயை வெடிவைத்துத் தகர்த்துவிடுகிறார்கள். அந்தச் செயலை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அந்த அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு நம் பீலிகள்தான் கண்முன் வந்தன. மேட்டில் லயத்து மலசலகூடம், அதற்குக் கீழே ஊற்று, ஊற்றிலிருந்து மூங்கிலோ குழாயோ வைத்து இறக்கிய பீலி, அங்கே குடம் வைத்துக் காத்திருக்கும் பிள்ளைகள். ஒரே லயத்திலிருந்து மஞ்சள் காமாலையோடு பிள்ளைகள் அடுத்தடுத்து வரும்போது மருந்து எழுதுவதோடு வேலை முடிந்துவிடாது, சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்குச் சொல்லி அந்தத் தண்ணீரைப் பரிசோதிக்க வைப்பதும் வைத்தியம்தான். குரோனின் இதைத் தெளிவாக விளங்க வைக்கிறார். நாவலின் பின்பாதி எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. லண்டனில் பணக்கார நோயாளிகளிடம் கதாநாயகன் மயங்குவதும் பிறகு திருந்துவதும் முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன. மனைவியின் திடீர்ச் சாவு கதையை முடிக்க ஆசிரியர் எடுத்துக்கொண்ட வசதியாகத்தான் படுகிறது. முன்பாதிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

இன்னொரு வைத்தியர் எழுதியது ‘எரியும் பனிக்காடு’. ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்டார், இரா. முருகவேளின் தமிழாக்கம் பின்னர் வந்தது. கருப்பனும் வள்ளியும் பசிக்குத் தப்பி மலையேறி, முன்பணக் கடனில் சிக்கி, காய்ச்சலில் கொத்துக் கொத்தாக மனிதர் சாவதைப் பார்க்கிறார்கள். வெளிப்படையாகச் சொன்னால், பாத்திரங்கள் ஆழமாக வரையப்படவில்லை. நல்லவர்கள் நல்லவர்களாகவும் கெட்டவர்கள் கெட்டவர்களாகவும் கடைசிவரை இருந்துவிடுகிறார்கள். ஆனாலும் மனித உடல் தேய்ந்துபோவதை இவ்வளவு அருகில் நின்று எழுதியவர்கள் தமிழ் வாசகருக்குக் கிடைத்தது குறைவு. நம் வாசகர்கள் பலர் இதைப் படித்துவிட்டு ‘இது அப்படியே நம்ம கதை’ என்று சொல்வதைக் கேட்கிறேன். பெரும்பகுதி உண்மைதான், ஒன்றைத் தவிர. அங்கே கொன்றது மலேரியா. நுவரெலியா போன்ற உயர்ந்த, குளிர்ந்த பகுதிகளில் மலேரியா அந்த அளவுக்கு வேரூன்றியதில்லை. நம் முன்னோரைக் கொன்றவை வேறு: மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்துவரும்போது கொலரா, வந்து சேர்ந்தபின் வயிற்றோட்டமும் கொழுக்கிப்புழுவும் அதனால் வந்த இரத்தச்சோகையும். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்திவிட்டது. இரத்தச்சோகையோ இன்றும் எங்கள் கிளினிக் வரிசையில் நிற்கிறது.

நான் படித்தவற்றில் வைத்தியத்தைப் பற்றிய மிகப்பெரிய நாவல் எது என்று கேட்டால் தயங்காமல் தாராசங்கர் பந்யோபாத்யாயின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ என்பேன். 1953இல் வங்காளத்தில் வெளிவந்தது, த. நா. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழில் படிக்கலாம். கிராமத்து முதிய வைத்தியர் ஜீவன் மஷாய் நாடியில் மரணத்தின் காலடியைக் கேட்கக்கூடியவர். ஊருக்கு வரும் இளம் டொக்டர் பிரத்யோத்துக்கு அது மூடநம்பிக்கை. கால் முறிந்த ஒரு கிழவிக்கு இனிப் பிழைப்பில்லை என்று மஷாய் சொல்லிவிடுகிறார். பிரத்யோத் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பிழைக்க வைக்கிறார். இன்னோரிடத்தில் முதியவரின் கணிப்பு சரியாகிவிடுகிறது. தாராசங்கர் இருவரில் எவரையும் கேலிப்பொருளாக்கவில்லை. இந்த நாவலைப் படித்துவிட்டு ‘பாருங்கள், நாடி பார்த்தாலே எல்லாம் தெரியும்’ என்று வாதாடியவர்களைச் சந்தித்திருக்கிறேன். அது நாவலைப் பாதியில் மூடியவரின் வாசிப்பு. புதிய மருந்து வந்தபின் தன் கணிப்பு ஏன் தோற்கிறது என்பதை மஷாயே நேர்மையாக எண்ணிப் பார்க்கும் இடங்கள்தான் நாவலின் உச்சம். எனக்கு அதில் கிடைத்தது வேறொரு பாடம். மஷாய் நோயாளியின் அருகில் உட்காருகிறார். குடும்பத்தையும் சாப்பாட்டையும் துக்கத்தையும் கேட்கிறார். எங்கள் கிளினிக்கில் காலைக்குள் பார்த்து முடிக்கவேண்டிய கூட்டத்தின் நடுவில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. திருநீறு போட்டு நூல் கட்டுகிற பூசாரியோ நாட்டு வைத்தியரோ ஒரு மணித்தியாலம் அவர் பேச்சைக் கேட்கிறார். மக்கள் முதலில் அங்கு போய், வலிப்பும் பக்கவாதமும் முற்றியபின் எங்களிடம் வருவதை அறியாமை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது.

டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ சிறியது. ஒரே இரவில் படித்துவிடலாம். 1886இல் வந்தது. அதில் இவானை வதைப்பது வலியை விட, சுற்றியிருக்கும் எல்லோரும் சொல்லும் பொய். ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, சுகமாகிவிடும்’ என்ற பொய். வேலைக்காரன் கெராசிம் மட்டும் பொய் சொல்லாமல், அவர் கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தோட்டங்களில் வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் வருவது நாம் எல்லோரும் அறிந்ததே. வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்க முடியாது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தோலைப்போல் தடித்திருக்கும். நடுவில் ஆறாத ஒரு புண். பரிசோதனை முடிவு வந்ததும் மகன் மட்டும் தனியாக வந்து, “டொக்டர், அப்பாகிட்ட சொல்லிராதீங்க, மனசு விட்டுப்போயிருவாரு” என்று கெஞ்சுவார். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பும்போதுகூட ‘பல்லுக்குக் காட்டப் போகிறோம்’ என்றே சொல்லிக் கூட்டிப்போவார்கள். அப்பாவுக்கோ எல்லாம் தெரியும். தனக்குத் தெரியும் என்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் தனித்துப்போவார். அந்த மகன்களுக்கு இந்தச் சிறு நூலைக் கொடுக்க விரும்புகிறேன். சிலருக்குக் கொடுத்தும் இருக்கிறேன். மாறாத கிழமைக்கணக்கான வாய்ப்புண்ணை ஆரம்பத்திலேயே காட்டியிருந்தால் சிகிச்சை எளிதாக இருந்திருக்கும் என்பதையும் கூடவே சொல்கிறேன்.

இனி நான் உண்மையில் கோபப்படும் நாவல். சரத்சந்திரரின் ‘தேவதாஸ்’ 1917இல் வெளியானது. சரத்சந்திரர் பெரிய எழுத்தாளர், சந்திரமுகி அருமையான பாத்திரம், அதில் மாற்றுக்கருத்தில்லை. ஆனால் குடியைக் காதலின் சாட்சியாக்கியதில் இதற்கு நிகரான கதை தெற்காசியாவில் இல்லை. கல்லீரல் கெட்டவன் காதலியின் வாசலில் அழகாகச் சாவதில்லை. வயிறு நீர் கோத்து வீங்கும், கண் மஞ்சளாகும், நாள் தெரியாமல் பிதற்றுவார், இரத்தமாக வாந்தி எடுப்பார். பக்கத்தில் காதலி அல்ல, கொழுந்துப் பறிப்பு முடிந்து ஓடிவந்த மனைவிதான் சட்டியை ஏந்திக்கொண்டு நிற்பாள். கசிப்பு என்கிற கள்ளச்சாராயமும் கடைச் சாராயமும் எத்தனை லயங்களின் சம்பளத்தைத் தின்கின்றன என்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. சோகத்தால் குடிக்கிறான் என்ற ஒரு வரி, குடிப்பவனுக்குக் கிடைக்கும் மிகப்பெரிய மன்னிப்பாகிவிட்டது.

இதற்கு மாற்றாக நான் வைப்பது ஃபிளாபேரின் ‘மதாம் பொவாரி’ (1857). காதலுக்காகச் சாவது அழகு என்று நாவல்களில் படித்துப் படித்தே எம்மா தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்கிறாள்; நஞ்சுண்டு சாகும் அவளுடைய முடிவில் ஃபிளாபேர் எந்த அழகையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய தந்தை சத்திரசிகிச்சை நிபுணர் என்பது அந்தப் பக்கங்களில் தெரிகிறது. 1995ஐ ஒட்டி இலங்கையில் 100,000 பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அந்த விகிதம் பெருமளவு குறைந்தது. அதாவது அந்தக் கொடிய வேளையில் எட்டிய தூரத்தில் நஞ்சு இல்லாதிருந்தாலே பலர் உயிர் பிழைக்கிறார்கள். வார்டில் கண்விழித்த பிள்ளைகளில் பலர் முதலில் சொல்வது “சாகணும்னு நெனைக்கல டொக்டர்” என்பதையே. வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் பயமுறுத்துகிறார் என்று ஒதுக்காமல், 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி அங்கே கிடைக்கும்.

நம்மவர்களின் நாவல்களுக்கு வருகிறேன். சமூக மருத்துவப் பேராசிரியராக இருந்த நந்தி ‘மலைக்கொழுந்து’ எழுதினார். தோட்டங்களில் வைத்தியராகக் கடமையாற்றிய தி. ஞானசேகரன் ‘குருதிமலை’ எழுதினார். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வந்தது. தெளிவத்தை ஜோசப், சி. வி. வேலுப்பிள்ளை ஆகியோரின் பெயர்களை மலையக வாசகருக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இவற்றில் சில அச்சில் கிடைப்பதே அரிது; ‘நூலகம்’ இணைய நூலகத்தில் தேடிப் பாருங்கள், ஈழத்து நூல்கள் பல அங்கு இலவசமாக உள்ளன. என் மனக்குறை ஒன்றைச் சொல்லவேண்டும். நம் நாவல்களில் துரையும் கங்காணியும் தொழிற்சங்கமும் காணிப் பிரச்சினையும் பிரஜாவுரிமையும் விரிவாக வருகின்றன, வரவும் வேண்டும். நோய் மட்டும் பெரும்பாலும் ஓர் ஓரத்தில் வந்து, ஒரு சாவோடு போய்விடுகிறது.

கிளினிக்குக்கு வரும் பெண்ணுக்கு அன்றைய பேர், அதாவது ஒருநாள் வேலைக்கான கூலி, போய்விடும். நீரிழிவு மருந்தெடுக்க மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, வரிசையில் நின்று, இரத்தப் பரிசோதனைக்கு இன்னொரு நாள் வரச்சொன்னால் இரண்டு பேர் போய்விடும். அதனால் அவள் ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு நீட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கிறாள். நாங்கள் சீனி ஏன் கூடியது என்று அவளிடம் கேட்கிறோம். குளவிக்கொட்டுக்கு ஆளானவரை மலையிலிருந்து பாதைக்கு இறக்கிவர எடுக்கும் நேரம், பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவந்த கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஓடிவரும் தாயின் இடைவேளை, குடும்பநல உத்தியோகத்தர் ஏறியிறங்கும் மலைப்படிகள் என்று இவையெல்லாம் இன்னும் நாவலாகவில்லை. இவற்றை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் தோட்டங்களிலேயே இருக்கிறார்கள்: தாதியர், பிள்ளை மடுவப் பொறுப்பாளர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், தோட்ட வைத்தியர்கள். அவர்களில் யாராவது எழுதத் தொடங்கினால், வைத்திய விவரங்களைச் சரிபார்த்துக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.