ஏட்ரியம்: மேலறையா, முற்றமா, சோணையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் கோப்பிக்கடையில், பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் தாளை மேசையில் விரித்தார். "வாத்தியாரே, பிரஷரால ஏட்ரியம் பெருத்துப்போச்சாம். அது எந்த உறுப்பு?" இடைநிலைப் பள்ளியில் மலாயில் அறிவியல் படிக்கும் பேரன் குறுக்கிட்டு, "ஆத்ரியம் கிரி, தாத்தா" என்றான். கிரி என்றால் மலாயில் இடது. தாத்தாவுக்கு மலைதான் ஞாபகம் வந்திருக்கும்.

ஏட்ரியம் என்பது இதயத்தின் மேலறை; சொல் லத்தீன். பழைய ரோமானிய வீட்டின் நடுக்கூடத்துக்கும் அதுதான் பெயர்: கூரையில் திறப்பு, கீழே மழைநீர்த் தொட்டி. நம் செட்டிநாட்டு வீட்டு முற்றமேதான். 'கறுப்பு' எனப் பொருள்படும் ஆட்டர் என்ற சொல்லோடு சேர்த்து, அடுப்புப்புகை படிந்த கூடம் என்பாரும் உண்டு. எனக்கு முற்றமே போதும். நுரையீரலிலிருந்து நான்கு சிரைகள் கொண்டுவரும் ரத்தம் இந்த இடது முற்றத்தில் இறங்கி, ஈரிதழ் வால்வைக் கடந்து இடது கீழறைக்குப் போகிறது.

சரி, பிரஷர் எங்கே வருகிறது? ரத்தக்குழாயில் அழுத்தம் கூடினால் கீழறை முக்கித் தள்ள வேண்டும். நாளடைவில் அதன் சுவர் தடித்து விறைத்துவிடும்; ரத்தத்தை வாங்க முன்போல விரிந்து கொடுக்காது. லோங்காங் (சாக்கடை) அடைத்தால் தண்ணீர் பின்னால் ஏறுகிற மாதிரி, அழுத்தம் மேலறைக்கு ஏறுகிறது. மேலறைச் சுவரோ மெல்லியது. வருஷக்கணக்கில் இழுபட்டு விரிந்துபோகும். உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 34 மில்லிலிட்டரைத் தாண்டினால் பெருத்துவிட்டது என்பது எக்கோ கணக்கு. அன்றைக்கு எடுத்த பிரஷர் நல்லபிள்ளையாக இருந்தாலும், மேலறை பழைய கதையைச் சொல்லிவிடும்.

பழைய பாடநூல்களில் இதற்கு 'ஆரிக்கிள்' என்று பெயர். லத்தீனில் சின்னக் காது. இலங்கைத் தமிழர் அதைச் 'சோணையறை' ஆக்கினார்கள். சோணை என்பது காதின் அடிமடல். அழகான சொல்தான். ஆனால் இன்றைக்கு ஆரிக்கிள் என்றால், மேலறையோடு ஒட்டியிருக்கும் காது போன்ற சின்னப் பை மட்டுமே. அந்தப் பையைச் சும்மா விடவும் முடியாது. பெருத்த மேலறை தாளம் தப்பித் துடிக்கத் தொடங்கினால் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்), ரத்தம் தேங்கிக் கட்டி உறைவது பெரும்பாலும் அதற்குள்தான். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் அறைக்கு மேலறை, பைக்கு இதயச்சோணை என்று பிரித்துச் சொல்வதே என் கட்சி. இடது மேலறை மேலே என்பதைவிட முதுகுப்பக்கம், உணவுக்குழாய்க்கு முன்னால் இருக்கிறது. போகட்டும், பழகிய சொல்.

முற்றக் கதையைப் பெரியவர் ஒப்பவில்லை. "லயத்துல முற்றம் ஏது வாத்தியாரே? அஞ்சடிதான்." அதுவும் சரிதான். தோட்டத்து லயன் வீட்டில் முன்பக்கத் தாழ்வாரம்தான் அஞ்சடி. இந்தோனேசியாவில் மேலறைக்கு 'செராம்பி' என்றே பெயர், தாழ்வாரம். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர், கடைக்காரரிடம் காசு நீட்டியபடி சொல்லிக்கொண்டிருந்தார்: "இடது அஞ்சடி பெருத்துப்போச்சாம்பா, தேத்தண்ணியில உப்புப் பிஸ்கட்டு வேணாம்."