பெயர் தெரியாத செடிக்கு 'அ' என்று பெயர்

பணியிடைப் பயிற்சிக்கு வரும் அறிவியல் ஆசிரியர்களை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனால், இருபதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் யாராவது ஒருவர், "மழைக்காடு மாதிரியே இருக்கு சார்" என்பார். நானும் பல வருடம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு. அந்தப் பச்சையில் பெரும்பங்கு காப்பித் தோட்டம். 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த பயிர். அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக்கோ ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நிஜ மழைக்காட்டுக்கு வால்பாறைப் பக்கம் போகவேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் உச்சிப் பக்கம் மிஞ்சியிருப்பவை சோலை எனப்படும் மலைக்காட்டின் துண்டுகள்தான்.

போன முறை, அனுமதி வாங்கிக்கொண்டு, சில்வர் ஓக் அடியில் கயிறு கட்டி ஒரு சதுர மீட்டர் கட்டம் போட்டோம். சோலை ஓரத்தில் இன்னொன்று. உள்ளே எத்தனை வகைச் செடி என்று எண்ணச் சொன்னேன். யாரும் குனியவில்லை. அப்புறம் ஒரு டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "பேர் தெரியாதே சார், என்னன்னு எழுதறது?"

பிள்ளைகள் பெயர் கேட்டுவிடுவார்களே என்ற பயத்தில்தான் பலரும் சூழலியல் பாடத்தைக் கரும்பலகையிலேயே முடித்துவிடுகிறோம். எண்ணுவதற்குப் பெயர் எதற்கு? இது வேறு, அது வேறு என்று தெரிந்தால் போதும். இலை எதிரெதிராகவா, மாறிமாறியா? தண்டில் மயிர் உண்டா? முதல் செடி 'அ', அடுத்தது 'ஆ'. மழைக்காட்டு ஆய்வாளர்களே தெரியாத மரத்துக்கு முதலில் ஓர் எண்ணைத்தான் கொடுக்கிறார்கள். (சருகை மட்டும் குச்சியால் விலக்குங்கள், கையை விடாதீர்கள்.)

சில்வர் ஓக் கட்டம் 'உ'வோடு நின்றது. சோலை ஓரத்தில் உயிரெழுத்து பன்னிரண்டும் தீர்ந்து 'க'வுக்குப் போய்விட்டார்கள்.

மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்கு இலை நுனி வால்போல் நீண்டிருக்கும், மழைத் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிட. படம் வரைந்தே இதை நடத்திவந்த ஒரு சார், சேலம் திரும்பியதும் அரச இலை ஒன்றைப் பிடித்து பாட்டில் தண்ணீரைச் சாய்த்தார். தண்ணீர் நேராக நுனிக்கு ஓடிச் சொட்டியது. மறுபடி ஊற்றினார். மூன்றாவது தடவையும்.

அந்த டீச்சர் இப்போது பள்ளி மைதான வேலியோரம் கட்டம் போடுகிறார். போன வாரம் ஒரு போட்டோ அனுப்பி, "சார், 'ஈ' என்ன செடின்னு பசங்க கேக்கறாங்க" என்றார். எனக்கும் தெரியவில்லை. பூக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று பதில் போட்டேன்.