சாபமா, சபதமா?

பெங்களூரு ஸ்ரீராமபுரத்துக் குழாயடியில் ஒருத்தி, "என் குடத்தை எடுத்தவ நாசமாப் போக!" என்று மண்ணை வாரித் தூற்றினால் அது சாபம். எதிரில் நிற்பவள், "நான் எடுத்திருந்தா என் கண்ணு அவிஞ்சு போகட்டும், தேவராணெ!" (கன்னடத்தில், கடவுள்மேல் ஆணை) என்றால் அதுவும் கிட்டத்தட்டச் சாபம்தான். ஆனால் அது சொன்னவள் தலையிலேயே விழும். அதுவும் அவள் பொய் சொல்லியிருந்தால் மட்டும். இதைத்தான் ஆணை, சத்தியம் என்கிறோம். கன்னடத்து 'ஆணெ'யும் நம் ஆணையும் ஒன்றே. கர்நாடகத்தில் தீராத வழக்கென்றால் தர்மஸ்தலா மஞ்சுநாதர் முன் 'ஆணெ பிரமாண' செய்யக் கூப்பிடுவார்கள்.

சாபம், சபதம் இரண்டும் 'சப்' என்ற ஒரே வடமொழி வேரில் பிறந்தவை. வேதத்தில் 'சபத' என்ற சொல்லே சாபம் என்ற பொருளிலும் வரும். "நான் சூனியக்காரனாக இருந்தால் இன்றே சாகிறேன்" என்பது ரிக் வேதத்தில் (7.104) வரும் சத்தியம். பிறகு பாதை பிரிந்தது. தமிழில் 'சபித்தான்' என்றால் பிறருக்குக் கேடு சொன்னான். 'சபதம் செய்தான்' என்றால் முடித்தே தீருவேன் என்றான். (பழைய நூல்களில் வில்லைக் குறிக்கும் 'சாபம்' வேறு சொல்; நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.)

சபதத்துக்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். பகைவரை நோக்கிச் சொன்னால் வஞ்சினம். புறநானூறு 72இல் பாண்டியன் நெடுஞ்செழியன், பகைவரை முரசோடு கைப்பற்றாவிட்டால் என் குடிகள் 'கொடியன் எம் இறை' என்று கண்ணீர் விடட்டும், மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாது போகட்டும் என்கிறான். தனக்குத் தானே இட்டுக்கொண்ட சாபம், நிபந்தனையோடு. காதலியிடம் தெய்வத்தைச் சாட்சி வைத்துச் சொன்னால் சூள். பொய்ச்சூள் உரைத்தவனைத் தெய்வம் வருத்தும் என்ற அச்சம் அகப்பாடல்களில் உண்டு.

அமைச்சர்கள் எடுப்பதை நாளிதழ்கள் 'பதவிப் பிரமாணம்' என்கின்றன. கர்நாடகச் சட்டமன்றம் இருக்கும் விதான சௌதாவில் அதுவே 'பிரமாண வசன'. அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை கடவுள் பெயரால் ஆணையிடவும் விடுகிறது, உளமார உறுதி கூறவும் விடுகிறது. இரண்டாவதில் தண்டிக்கத் தெய்வமே இல்லை. 'உறுதிமொழி' அதற்குக் கச்சிதம்.

சாபத்துக்குத் தமிழாக 'வசை' என்று போடுவது எனக்கு ஒப்பவில்லை. "பீடையே!" என்பது வசை, "பீடை உன்னைப் பிடிக்க!" என்பதுதான் சாபம்.